பட்டியல் தர மாட்டேன்

மாணவர்களைக் கண்காணிக்கும் காவல்துறை அதிகாரிகளுக்கும், கேட்டவுடன் பெயர் எழுதிக் கொடுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும்,

கல்லூரி திறக்கப் போகிறது. வருடா வருடம் வருகிற கேள்வி இந்த வருடமும் வந்துவிட்டது. எந்தப் பேருந்து ரூட்டில் வருகிற மாணவர் கூட்டத்துக்கு யார் தல, அதாவது தலைவன், அவனோடு சுற்றுகிறவர்கள் யார், தகராறு செய்ய வாய்ப்புள்ளவர்கள் யார் யார் என்று பெயர், வகுப்பு, செல்பேசி எண், வீட்டு முகவரியோடு எழுதித் தர வேண்டுமாம். நிர்வாகம் அந்த வேலையை என் தலையில் கட்டியிருக்கிறது. நான் உடற்கல்வி இயக்குநர். மைதானத்துக்கு வருகிற பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆள் நான்தான் என்று அவர்கள் நினைப்பது சரிதான். அப்படிப் பழகியவன் என்பதால்தான் சொல்கிறேன், தர மாட்டேன்.

அடித்தவன் பெயரைக் கேளுங்கள், நானே கூட்டி வந்து நிறுத்துகிறேன். அடிக்கப் போகிறவன் இவன்தான் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க எனக்கு ஜோசியம் தெரியாது. வேறொருவர் தயாரித்துக் கொடுத்த பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்த பலர் மேல் கல்லூரியில் ஒரு புகார்கூடக் கிடையாது. வருகைப் பதிவு குறைந்தவன், முடியை ஒரு மாதிரி வெட்டிக்கொண்டவன், துறைத் தலைவரிடம் எதிர்த்துப் பேசியவன் எல்லாம் அதில் இருந்தார்கள். மற்றபடி அவர்களுக்குள் பொதுவாக இருந்தது முகவரி. அவை எந்த மாதிரி முகவரிகள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரவுடித்தனத்துக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. 2019 ஜூனில் கல்லூரி திறந்த கையோடு பஸ் டே என்று மாநகரப் பேருந்தின் கூரையில் ஏறி ஆடியவர்கள், ஓட்டுநர் பிரேக் போட்டதும் கொத்தாகச் சாலையில் வந்து விழுந்தார்கள். அந்த வீடியோவை ஊரே பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில், பட்டப்பகலில், பயணிகள் உட்கார்ந்திருந்த 29ஈ பேருந்தில் மாணவனை மாணவன் பட்டாக்கத்தியால் வெட்டினான். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வேறு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். திருத்தணிப் பக்கத்துப் பையன். கத்தி எடுத்தவனுக்கும் கும்பலாகச் சேர்ந்து அடித்தவனுக்கும் சட்டம் என்ன தண்டனை சொல்கிறதோ அது முழுசாகக் கிடைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பஸ் டேயும் இப்படிப்பட்டதாக ஆரம்பிக்கவில்லை. தினமும் ஏற்றிச் சென்று இறக்கிவிடும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை போட்டு, சால்வை போர்த்தி, மாணவர்கள் காசு சேர்த்து ஏதாவது பரிசு கொடுத்து, வண்டிக்குத் தோரணமும் பலூனும் கட்டிக் கல்லூரி வரைக்கும் பாட்டும் கூத்துமாகப் போவது. அப்புறம் எந்த ரூட் பெரிய ரூட் என்ற போட்டி வந்தது. வசூல் வந்தது. முதலாமாண்டுப் பையனை மிரட்டிப் பணம் பிடுங்குவது வந்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை போடும் அளவுக்குப் போனது. அந்த நாட்களில் வண்டி எடுக்கவே பயமாக இருக்கும் என்று நடத்துநர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் நடுரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. தடையை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் குறை, தடையை நீங்கள் அமல்படுத்துகிற விதத்தைப் பற்றியது.

ஒரு பேருந்தை மறிக்கிறீர்கள். உள்ளே அறுபது பேர் இருக்கிறார்கள். அதில் கூரையில் ஏறியவன், கண்ணாடியை உடைத்தவன், பின்பக்கத் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடியவன், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியவன் எல்லோரும் கலந்துதான் நிற்பார்கள். வயதும் தோள்பையும் பார்த்து மொத்தமாக இறக்கி வண்டியில் ஏற்றுகிறீர்கள். ஓடத் தெரிந்தவன் ஓடிவிடுவான். தப்பு செய்யாதவன், நாம் எதற்கு ஓட வேண்டும் என்று நிற்பான். ஆக, எஃப்.ஐ.ஆரில் ஏறுவது யார் பெயர் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவன் என் மாணவன். பெயர் வேண்டாம், எந்த நிலையம் என்பதும் வேண்டாம். சின்ன வயதில் உங்கள் காவல் சிறார் மன்றத்தில் கேரம் விளையாடி வளர்ந்தவன். அங்கே வந்து போன சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரைப் பார்த்துத்தான் அவனுக்குப் போலீஸ் ஆசை வந்தது. கலைக் கல்லூரி மைதானங்களுக்குக் காலையில் வருகிற பையன்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் பாதிப் பேர் ஒலிம்பிக்குக்காக ஓடவில்லை, உங்கள் தேர்வுக்காக ஓடுகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் அல்லது உயரம் தாண்ட வேண்டும், 100 அல்லது 400 மீட்டர் ஓட வேண்டும். இவனுக்குக் கயிறுதான் தகராறு. வேப்பமரத்தில் கயிறு கட்டி, உள்ளங்கை உரிந்து, அதன்மேல் துணி சுற்றிக்கொண்டு ஏறிப் பழகினான். எழுத்துத் தேர்விலும் தேறினான், உடல்திறன் தேர்விலும் தேறினான். கடைசியில் நன்னடத்தை விசாரணையில் வழக்கு நிலுவை என்று வந்தது. முடிந்துவிட்டது.

அந்த வழக்கு என்ன? சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, ஆபாசமாகப் பேசியது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது. பதினேழு பேருக்கும் ஒரே பத்தி. யார் எதைச் செய்தான் என்று தனித்தனியாக ஒரு வரி கிடையாது. வருடங்கள் ஓடியும் விசாரணை நடக்கவில்லை. அவன் விண்ணப்பத்தில் எதையும் மறைக்கவில்லை, வழக்கு இருக்கிறது என்று எழுதித்தான் கொடுத்தான்.

விடுதலையானால் சரியாகிவிடும் என்று அவனுடைய அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், நம்பிவிட்டார். உங்கள் பணி விதிகள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தாலும், சாட்சி பிறழ்ந்ததால் விடுவித்தாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவன் என்றே அந்த விதி அவனைப் பார்க்கும். வழக்கையே ரத்து செய்ய உயர்நீதிமன்றம் போக வேண்டும். வக்கீலுக்கு யார் பணம் கட்டுவது? ஒரு மத்தியான நேரத்தில் எஸ்.ஐ. ஒருவர் பொதுவாக எழுதிய ஒரு பத்திக்கு இவ்வளவு ஆயுள்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும், மாவுக்கட்டு. அரும்பாக்கம் சம்பவத்துக்குப் பிறகு பிடிபட்டவர்கள் கையில் கட்டோடு நிற்கும் படங்கள் வெளிவந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள், மீம்ஸ் போட்டுச் சிரித்தார்கள். என் சக ஆசிரியர்களே வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள். தப்பியோடும்போது வழுக்கி விழுந்தான் என்று சொல்லப்படுவது ஒரு பொது நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. நீங்களும் அதை மறுப்பதற்குப் பெரிய அக்கறை காட்டவில்லை. காவல் நிலையக் கழிவறையில் கைதானவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025இல் சென்னை உயர்நீதிமன்றமே கேட்டது. நான் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்விதான். பயம் காட்டத்தானே அந்தக் கட்டு? 2019இல் போட்ட கட்டுக்குப் பயம் வந்திருந்தால் 2024இல் சென்ட்ரலில் ஒரு பையன் ஏன் செத்தான்? பையன்களோடு பழகுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டுப் போட்டுத் திரும்பி வந்தவனுக்கு அவன் ரூட்டில் மரியாதை கூடுகிறது. அடுத்த தல அவன்தான். உங்கள் அடி அவனுக்குப் பதவி உயர்வு கொடுக்கிறது.

அதே 2019இல், மே மாதம், பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடையில் ஒரு தோட்ட விடுதியில் போதை விருந்து என்று நூற்றுக்கும் மேற்பட்ட கேரள மாணவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்குப் போட்டது. அதுதான் முறை. அவர்கள் கட்டுப் போட்ட கையோடு நிற்கும் படம் எதையும் நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை. ஆனால் கூட்டமாகக் காரில் வந்து கும்மாளம் போட்டவனுக்குக் கிடைக்கிற அந்த முறை, இலவச பஸ் பாஸில் வருகிறவனுக்கும் கிடைக்க வேண்டாமா?

இனி முதல்வர்களுக்கு. உங்களிடம் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் இது என் துறையைத் தொட்டுப் போகிற விஷயம்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், கால்பந்து அணியின் கேப்டன் விடுதியில் ஒரு முதலாமாண்டு மாணவனை அறைந்ததில் அவனுக்குக் காது கேட்காமல் போனது. ராகிங்தான், வேறு பெயர் கிடையாது. மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகத்திலிருந்து நிலையத்துக்கு ஒரு போன் போனது. புகார் சி.எஸ்.ஆர். என்ற ரசீதோடு நின்றது, இரு தரப்பும் சமாதானம் என்று எழுதி வாங்கினார்கள். கேப்டன் போட்டியில் ஆடினான், நன்றாகவே ஆடினான், கோப்பை முதல்வர் அறைக்கு வந்தது. அடி வாங்கியவன் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். போட்டிக்கு முன்பே கேப்டனை அணியிலிருந்து நீக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதே பருவத்தில்தான் பஸ்ஸில் பாடிய இரண்டு பேரை, போலீஸ் கேட்டது என்ற ஒரே காரணத்துக்காக, விசாரணைகூட இல்லாமல் சஸ்பெண்ட் செய்தார்கள்.

ராகிங்கில் குற்றத்துக்கு முகாந்திரம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் யுஜிசி விதி சொல்கிறது. ராகிங்குக்கு எதிராக 1997இலேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. கோப்பை வாங்கித் தருகிறவனுக்கு ஒரு நியாயம், தாளம் தட்டுகிறவனுக்கு வேறு நியாயம் என்றால் மைதானத்தில் நான் எந்த முகத்தோடு ஒழுக்கம் பேசுவது? விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவனுக்குக் கை நீட்டும் உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் செய்கிற ஒரு போன், அவனை அடுத்த முறை இன்னும் ஓங்கி அடிக்க வைக்கிறது. அப்படி வளர்ந்து வீணாய்ப்போன நல்ல ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும்.

காவல்துறையும் கல்லூரியும் தோதுக்குத் தகுந்தபடி ஒருவரையொருவர் காட்டிக்கொள்வது புதிதில்லை. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் சாதியை வைத்து மூண்ட சண்டையில் மாணவர்கள் மாணவர்களைக் கட்டைகளால் அடித்துத் துவைத்தபோது, சீருடையில் இருந்தவர்கள் நின்று பார்த்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். கல்லூரி முதல்வர் அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. நீதிபதி சண்முகம் ஆணையம் அமைத்தார்கள். 2018இல் கல்லூரியையே பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். மாணவர்களை நகரத்தின் கண்ணிலிருந்து தள்ளிவைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பு. உயிர் போகிற அடி விழும்போது உள்ளே வர அனுமதி வேண்டும், பெயர்ப் பட்டியல் கேட்க மட்டும் எந்த அனுமதியும் வேண்டாம் போலிருக்கிறது.

ரூட்டுத் தல என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று நீங்கள் யாராவது பையன்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் நடந்து எத்தனையோ காலம் ஆகிறது. மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006இலேயே தேர்தலை ஒழுங்காக நடத்தச் சொல்லி, எப்படி நடத்துவது என்றும் எழுதிக் கொடுத்தது. நடத்தவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ கூட்டத்தில் நசுங்கி வருகிறவனுக்கு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கிடைக்கிற ஒரே பதவி அந்தத் தலதான். அது நல்ல பதவி என்று நான் சொல்லவில்லை. வேறு பதவி எதையும் நாம் விட்டுவைக்கவில்லை.

சரி, நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

காவல்துறை முன்கூட்டியே பட்டியல் கேட்பதை நிறுத்த வேண்டும். ஏற்கெனவே இருக்கிற பட்டியல்களில் பெயருள்ள மாணவனுக்கு அதைத் தெரிவித்து அவன் தரப்பைக் கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால் பெயரை நீக்குங்கள். பழக்கக் குற்றவாளிகளுக்கு உரிய நன்னடத்தைப் பிணையை முதல் தடவை மாட்டியவனிடம் எழுதி வாங்காதீர்கள்.

பேருந்தில் பிடித்தால் யார் என்ன செய்தான் என்று தனித்தனியாக எழுதுங்கள். செய்யாதவன் சாட்சி, குற்றவாளி அல்ல. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்கு எடுத்தவுடன் கைது தேவையில்லை, நோட்டீஸ் கொடுத்து அழைக்கலாம் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. அதன்படி நடங்கள். இரவில் வீடு புகுந்து தூக்குவது வேண்டாம்.

காவலில் எந்த மாணவனுக்காவது எலும்பு முறிந்தால், அன்றைய கேமரா பதிவை நீதித்துறை நடுவரிடம் ஒப்படையுங்கள். நிலையங்களில் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவில், கழிவறைக்கு வெளியேயும் கேமரா வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வழுக்கி விழுந்தானா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

யாருக்கும் காயமில்லாத, பொதுச்சொத்துக்குச் சேதமில்லாத பஸ் டே வழக்குகளைத் திரும்பப் பெற அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அரசு 2021இல் அறிவித்ததே, வழி தெரியாமல் இல்லை. வேலைக்கான விசாரணையில் இந்த மாதிரி வழக்கு வந்தால் தன்மையைப் பார்த்து முடிவெடுங்கள். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவன் மறைத்திருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் மாணவன் மறைக்கக்கூட இல்லை. அவனுடைய ஃபைலை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். நேரில் கேட்டால் விவரம் தருகிறேன்.

முதல்வர்களே, விளையாட்டு வீரன் ஒருவன் யாரையாவது அடித்தால் அன்றைக்கே அணியிலிருந்து அவனை நிறுத்துங்கள், விசாரணை முடிகிற வரை. இறுதிப்போட்டியாக இருந்தாலும் சரி. நிறுத்தும் கடிதத்தில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். நிலையத்துக்குப் போன் செய்வதை விடுங்கள், மாணவனுக்காகவும் சரி, மாணவனுக்கு எதிராகவும் சரி. பஸ் டே வேண்டுமென்று கேட்டால் ஓட்டுநரையும் நடத்துநரையும் கல்லூரிக்கு அழைத்து, மைதானத்தில் மேடை போட்டு மாலை மரியாதை செய்யட்டும். ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பறையும் கானாவும் உட்பட. இந்தக் கல்வியாண்டிலேயே மாணவர் பேரவைத் தேர்தலுக்குத் தேதி அறிவியுங்கள். கல்லூரி விடும் நேரத்துக்குக் கூடுதல் பேருந்து கேட்டு மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுங்கள். ஒரே படிக்கட்டில் முப்பது பேர் தொங்கினால் சண்டை வரத்தான் செய்யும்.

இரு தரப்பிடமிருந்தும் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன், முதலாமாண்டு வகுப்புகள் தொடங்குவதற்கு முன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி இயக்குநர்
சென்னை